சூடத்துக்குத் தெரியாதது

கருத்தம்மாளிடம் பொய் சொல்லிவிட்டு அந்த ஊரில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. கம்பத்துக்குத் தெற்கே, மலையடிவாரத்தில், பாதி நெல்லும் பாதி திராட்சையுமாக இருக்கிற ஊர். அதில் ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தலுக்குச் சொந்தக்காரி அவள். ஒடிசலான உடம்பு, குரல் மட்டும் மூன்று தோட்டம் தாண்டிக் கேட்கும். கடமலைக்குண்டிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். பிறந்த வீட்டிலிருந்து நகை கொண்டுவந்தாளோ இல்லையோ, ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தாள். எதில் சந்தேகம் வந்தாலும் சூடத்தைக் கொளுத்துவாள்.

தோட்டத்து மூலையில் புளியமரத்தடியில் ஒரு கருப்பசாமி உண்டு. நட்ட கல் ஒன்று, துருப்பிடித்த அரிவாள் ஒன்று, அவ்வளவுதான் கோயில். அதன் முன்னால் வெற்றிலையில் சூடத்தை வைத்துக் கொளுத்தி, 'நான் செய்யவில்லை' என்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் ஆள் சுத்தம். பின்வாங்கினால் அவன்தான் குற்றவாளி. இதைவிடச் சுருக்கமான கோர்ட்டு எங்கேயும் கிடையாது. வக்கீல் வேண்டாம், வாய்தா வேண்டாம், கருத்தம்மாள் மட்டும் போதும்.

நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றால் அந்தக் கோர்ட்டு பல தடவை சரியாகத்தான் தீர்ப்புச் சொன்னது. பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்று ஆயிரம் நியாயம் பேசிய பால்காரர், சூடத்தைக் கண்டதும் "கொஞ்சம்போலத்தான் ஆத்தா" என்று இறங்கி வந்தார். மோட்டார் ரூமில் காணாமல் போன ஒயர், 'நாளைக்குச் சூடம்' என்று அவள் சொன்னதைக் கேட்டு, விடிவதற்குள் தானாகவே வாசலில் வந்து கிடந்தது. அதற்குப் பிறகு ஊரில் கோழி காணாமல் போனாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவளும் சும்மா போகவில்லை. உள்ளூர ஒரு பெருமையோடுதான் போனாள். அடுத்தவர் பேச்சைக் கேட்டு நான் ஒருத்தரையும் குற்றம் சொன்னதில்லை, நேருக்கு நேர் கேட்டுத்தான் சொல்வேன் என்பாள். அது உண்மையும்கூட.

அவள் புருஷன் அம்மாவாசி வாயில்லாத மனிதர். அவர் பேசுவதற்குள் அவள் மூன்று பேச்சுப் பேசி முடித்திருப்பாள். பந்தலில் கொடி கட்டுவது, தண்ணீர் பாய்ச்சுவது அவர் வேலை. மருந்து அடிக்கிற வேலை ஏசுதாசனுடையது.

திராட்சைக்கு மருந்து அடிப்பது வெறும் கூலி வேலை இல்லை. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் ட்ரம்மில் கலக்கி, ஸ்பிரேயர் இன்ஜினை ஓட்டி, ஹோஸைத் தூக்கிக்கொண்டு பந்தலடியில் குனிந்தபடியே போகவேண்டும். ட்ரம்மில் என்ன ஊற்றுகிறான் என்று யாரும் பக்கத்தில் நின்று பார்ப்பதில்லை. ஒரு வருஷத்து வெள்ளாமையை அந்த ஆள் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குகிறோம். ஏசுதாசனை நம்பிப் பத்து வருஷத்துக்கு மேலாகக் கருத்தம்மாள் தூங்கினாள். அவர் அடுத்த தெருக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அந்தத் தெருக் கடைசியில் இருந்த பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விடுவார். அன்றைக்கு மட்டும் கூப்பிட்டாலும் வர மாட்டார். சொந்தபந்தம் தவிர ஊரே அவளை ஆத்தா என்று கூப்பிட, அவரும் அவர் மனைவி ஞானபாக்கியமும் மட்டும் அக்கா என்றார்கள். ஞானபாக்கியம் குலைக்குக் குலை பிஞ்சு கழிக்க வருவாள். மதியம் இரண்டு பெண்களும் பந்தலடியில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தால், யார் குழம்பு யார் சோற்றில் விழுகிறது என்று கணக்குக் கிடையாது. கருத்தம்மாள் டைபாய்டில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்ததும் அவள்தான்.

தேனி தனி மாவட்டம் ஆன புதிது அது. மாவட்டம் பிரிந்த சந்தோஷத்தைக்கூட ஒழுங்காகக் கொண்டாட முடியாத காலம். எங்கோ ஒரு ஊரில் சிலையை வைத்து ஜாதிச் சண்டை, இன்னொரு ஊரில் பஸ் கண்ணாடி உடைப்பு என்று ஒவ்வொரு நாளும் ஒரு செய்தி வந்தது. பொழுது சாய்ந்தால் பஸ் வராது. தெருவுக்குத் தெரு ஆட்கள் கூடி நின்றார்கள். செய்தியைவிட வேகமாகப் புரளி வந்தது. குடிதண்ணீர்த் தொட்டியில் விஷம் கலந்துவிட்டார்களாம். தேவாரம் பக்கம் ஒரு தோட்டத்தில் ராத்திரியோடு ராத்திரியாகக் கொடியின் வேரில் மருந்து வைத்துவிட்டார்களாம். எந்தத் தோட்டம், யாருடையது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் அந்தச் செய்தி தெரிந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் கருத்தம்மாளின் பந்தலில் தளிர்கள் சுருண்டன. கொடியைக் கவாத்து வெட்டி முடிந்து, துளிர்த்து, பூ எடுக்கிற பருவம். ஏசுதாசன் மருந்து அடித்துவிட்டுப் போன ஒரு வாரத்துக்குள் இலைகள் விசிறி மடித்ததுபோல் குறுகிப் போயின. கொடி நுனிகள் முறுக்கிக்கொண்டன. பூ மொத்தமும் உதிர்ந்து தரையில் கிடந்தது. அவள் பந்தலடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பெற்ற பிள்ளை இல்லாதவள். அந்தக் கொடிகளைத்தான் வளர்த்தாள்.

அம்மாவாசி ஒரு கிளையை ஒடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கவர்மெண்டு திராட்சைப் பண்ணையில ஆபீசர்மாரு இருக்காகளே, அவுககிட்ட ஒரு எட்டு கொண்டுபோய்க் காட்டிட்டு வாரேனே" என்றார்.

"கருப்பனுக்குத் தெரியாதது ஆபீசருக்குத் தெரிஞ்சிருமாக்கும்? பஸ்ஸே ஓடல, இவரு கொப்பத் தூக்கிக்கிட்டு கெளம்பிட்டாரு."

அவர் கிளையைக் கீழே போட்டுவிட்டார். அவர் வழக்கம் அது. அந்த ஒரு தடவையாவது அவர் பிடிவாதம் பிடித்திருக்கலாம் என்று பின்னால் அவளே சொல்லிச் சொல்லி அழுதாள்.

மறுநாள் காலையில் கருப்பன் முன்னால் கூட்டம். தோட்டத்துக்குள் கால் வைத்த எல்லோரையும் வரச்சொல்லியிருந்தாள். அடுத்தவரைச் சொல்வதற்கு முன்னால் நான் செய்கிறேன் என்று முதல் சூடத்தை அவளே அடித்து அணைத்தாள். "இந்தக் கொடிக்கு நான் ஒரு கெடுதலும் நெனைக்கல, செய்யல." அடுத்து அம்மாவாசி. அடுத்து அவள் தம்பி வீரணன்; அதே ஊரில் நெல்வயல் வைத்திருப்பவன், அக்காவின் தோட்டத்துக்கு அடிக்கடி வந்துபோகிறவன். அவனும் சத்தமாகச் சொல்லி அணைத்தான். பிஞ்சு கழிக்கிற பெண்கள் ஒவ்வொருத்தராக அணைத்தார்கள். ஒருத்தரும் பின்வாங்கவில்லை.

ஞானபாக்கியத்தின் முறை வந்தபோது ஏசுதாசன் முன்னால் வந்து நின்றார்.

"அக்கா, எங்க சபையில சத்தியம் பண்ணக் கூடாது. எதுமேலயும் பண்ணக் கூடாது. நாங்க ரெண்டு பேரும் சொல்றோம், நம்புங்க. நான் வேணும்னு எதுவும் செய்யலக்கா."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

"வேணும்னு செய்யலன்னா என்னடா அர்த்தம்?" என்றாள் கருத்தம்மாள். "செஞ்ச, ஆனா வேணும்னு செய்யலங்கியா?"

ஏசுதாசன் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். அந்த மௌனத்தை எல்லோரும் பார்த்தார்கள். கருத்தம்மாளும் பார்த்தாள். அவளுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

"அணைச்சிருடா ஏசு. ஒரு நிமிச வேலை. அணைச்சிட்டா நான் உன் காலத் தொட்டு மன்னிப்புக் கேக்குறேன்."

"முடியாதுக்கா."

அவள் தெருவின் இளவட்டங்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். கருத்தம்மாள் குறுக்கே நின்று தடுத்தாள். "ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. ஊரவிட்டுப் போகட்டும், அது போதும்." அதைப் பெரிய கருணை என்று அன்றைக்கு நினைத்தாள். பல வருஷம் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ட்ரம்மில் விஷம் கலந்தவன் என்று பேர் வாங்கிய ஆளை எந்தத் தோட்டத்தில் விடுவார்கள்? அவர் தெருக்காரர்கள் வைத்திருந்த தோட்டத்தில்கூட விடவில்லை. ஒரு மாதத்துக்குள் அந்தக் குடும்பம், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பில் சட்டி பானையோடு மலைக்குப் போய்விட்டது. போகிற அன்று ஞானபாக்கியம் மட்டும் தோட்டத்து வாசலில் வந்து வெகுநேரம் நின்றாளாம். கருத்தம்மாள் மோட்டார் ரூமுக்குள் இருந்துகொண்டு வெளியே வரவில்லை. தூக்குச்சட்டியைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருப்பாள், வாசலிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

அடுத்த கவாத்துக்குத் தளிர்கள் ஒரு குறையும் இல்லாமல் வந்தன. இலை அகல அகலமாக விரிந்தது. குலை பிடித்துத் தொங்கியது. தப்புச் செய்தவன் வெளியேறியதும் கருப்பன் கண்ணைத் திறந்துவிட்டான் என்று கருத்தம்மாள் கிடா வெட்டிப் பொங்கல் வைத்தாள். கொடியைக் கொல்ல விஷம் வைத்திருந்தால் கொடி எப்படித் திரும்பத் துளிர்க்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதற்கும் அவளிடம் ஒரு பதில் இருந்திருக்கும். நம்பிவிட்ட பிறகு எதைப் பார்த்தாலும் அதற்கே சாட்சியாகத்தான் தெரிகிறது. அவள் கண்ணுக்கு மட்டும் அல்ல, நம் எல்லோருக்கும் அப்படித்தான்.

இரண்டாயிரத்து ஆறில், மழைக்காலத்தில் ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்து ராக்கம்மாளின் பந்தலில் அதே நோவு. அதே விசிறி மடிப்பு. வேலி ஓரமாக நின்று பார்த்த கருத்தம்மாள் அங்கிருந்தே கத்தினாள்.

"ராக்கு, யாரோ வச்சுட்டாகடி. இன்னிக்கே சூடத்தக் கொளுத்து."

ராக்கம்மாள் சிரித்தாள். "அட போங்க மதினி. நான் முந்தாநாளே கொப்ப ஒடிச்சு, ஈரச் சாக்குல சுத்தி, பண்ணையில கொண்டுபோய்க் காட்டிட்டேன். பாத்ததுமே கேட்டாக, இந்த ஸ்பிரேயர்ல நெல்லுக்குக் களைக்கொல்லி அடிச்சீகளான்னு. எம்மவன் அடிச்சிருக்கான். ட்ரம்மையும் ஹோஸையும் சும்மா தண்ணிய ஊத்திக் கழுவுனாப் போகாதாம். துளி ஒட்டிக்கிட்டிருந்தாலும் திராட்சை தாங்காதாம். அடுத்த கவாத்துல சரியாயிருமாம். நம்ம ட்ரம்முதான் மதினி குத்தவாளி! அதைக் கூப்பிட்டு வேணா சூடம் அணைக்கச் சொல்லுங்க."

ராக்கம்மாள் இன்னும் ஏதேதோ பேசினாள். கருத்தம்மாளுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. கொடி சுருண்ட அந்த வருஷம் மருந்து அடிக்க வந்த காலையில் ஏசுதாசன், "ட்ரம்ம எங்கக்கா?" என்று கேட்டது ஞாபகம் வந்தது. "தம்பி வாங்கிட்டுப் போனான், இப்பக் கொண்டாருவான்" என்று அவளே சொன்னதும் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷமும் அந்த ஞாபகம் அவளிடமேதான் இருந்திருக்கிறது. ஒரு நாளும் அவள் அதை எடுத்துப் பார்க்கவில்லை.

அன்றைக்கே வீரணன் வீட்டுக்கு நடந்தாள்.

"அன்னிக்கு ட்ரம்மயும் ஹோஸையும் வாங்கிட்டுப் போனியே, வயலுக்கு என்னத்த அடிச்ச?"

"எந்த அன்னிக்கு?"

"கொடி சுருண்டுச்சே, அந்த வருசம்."

அவன் யோசித்தான். "அது... களைக்கொல்லிதான். கோரை மண்டிக் கெடந்துச்சே. ஏன், நல்லாக் கழுவித்தான குடுத்தேன்? ரெண்டு குடம் தண்ணி ஊத்தி அலசுனேன்." பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீதானக்கா எடுத்துக்கிட்டுப் போடான்னு சொன்ன" என்றான்.

ஆமாம், அவள்தான் சொன்னாள். கருப்பன் முன்னால் அவளும் பொய் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. கெடுதல் நினைக்கவில்லை என்றார்கள்; நினைக்கவில்லைதான். சூடத்திடம் அவள் கேட்டது மனசில் இருப்பதை. ட்ரம்மில் இருந்ததை யாரிடமும் கேட்கவே இல்லை.

அப்படியும் அவள் மனசு ஒரு சந்து தேடியது. வேறு ஏதாவது காரணமாக இருக்கக் கூடாதா? ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, காலையில் அம்மாவாசியிடம் சொன்னாள். அவர் ஒன்றும் கேட்காமல் வீரணன் வீட்டிலிருந்து களைக்கொல்லியைக் கொஞ்சம் வாங்கி வந்தார். அவள் அதை ஒரு பழைய குடத்தில் ஊற்றிக் கொட்டி, இரண்டு தடவை அலசி, பிறகு நல்ல தண்ணீர் பிடித்து, பந்தலின் கடைசி மூலையில் ஒற்றைக் கொடியில் அதைத் தெளித்தாள். தினமும் காலையில் போய்ப் பார்த்தாள். சுருளக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டது கருப்பனுக்குத்தான் தெரியும். நாலைந்து நாளில் தளிர் குறுகியது. இலை ஓரம் பல் பல்லாக வந்தது. பார்த்துக்கொண்டே அந்த மூலையில் உட்கார்ந்துவிட்டாள். பந்தலுக்கு வெளியே அம்மாவாசி நின்றுகொண்டிருந்தார். அவளைத் திட்ட அவருக்கு அன்றைக்கு முழு உரிமை இருந்தது, அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

உண்மை தெரிந்த அன்றே ஜீப் ஏறியிருந்தால் இந்தக் கதையை இன்னும் கொஞ்சம் தலை நிமிர்ந்து சொல்லலாம். அவள் ஏறவில்லை. ஊரில் சொல்வதே பாடாக இருந்தது. சொன்னாள், சொல்லவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் காது குத்தில் ஒருத்தியிடம், கேதத்தில் ஒருத்தியிடம் என்று மெல்லத்தான் சொன்னாள். அவர்கள் "விடுங்க ஆத்தா, பழைய கதை" என்றார்கள். மலைக்குப் போகக் கிளம்பும்போதெல்லாம் ஒரு காரணம் வந்தது. அறுப்பு முடியட்டும். மழை விடட்டும். எந்த எஸ்டேட் என்று விசாரிக்கட்டும். எல்லாமே நியாயமான காரணங்கள்தான். அவற்றுக்கு அடியில் இருந்தது வெட்கம். சூடத்துக்கு முன்னால் ஊரையே நிறுத்தியவளுக்கு, ஒரு கூலிக்காரன் முன்னால் போய் நிற்கக் கால் வரவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் போன பிறகு, மாசி மாதத்தில், கம்பத்தில் விடிகாலை ஜீப்பில் பெண்களோடு பெண்ணாக நெருக்கி உட்கார்ந்து, கம்பமெட்டு வழியாக மேலே போனாள். கேட்டுக் கேட்டு அந்த எஸ்டேட்டைக் கண்டுபிடித்தபோது உச்சி வெயில். கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தின் கடைசி வீட்டில் ஞானபாக்கியம் ஏலக்காய்ச் சாக்குக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். யார் என்று தெரிய ஒரு கணம் ஆனது. தெரிந்ததும் அவசரமாக எழுந்து, சாக்கைத் தட்டி விரித்து, "உக்காருங்கக்கா" என்றாள்.

சுவரில் ஏசுதாசனின் போட்டோ தொங்கியது. அதற்கு மாலை போடவில்லை. அவர்கள் போட மாட்டார்கள். அதனால் கருத்தம்மாளுக்கு முதலில் புரியவில்லை.

"ஏசு வேலைக்குப் போயிருக்கானா?"

"இப்பப் போன கார்த்திகையில போயிட்டாகக்கா. நெஞ்சுவலி. கம்பத்துக்குக் கொண்டாரதுக்குள்ள வழியிலயே."

கருத்தம்மாள் விரித்த சாக்கில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. ட்ரம், வீரணன், களைக்கொல்லி, ஒற்றைக் கொடி என்று முன்னும் பின்னுமாக உளறினாள். ஞானபாக்கியம் குறுக்கே பேசாமல் கேட்டாள். அழவில்லை. கோபப்படவும் இல்லை. எல்லாம் முடிந்ததும் ஒன்று கேட்டாள்.

"அப்ப அவுக கைத்தப்பு இல்லையாக்கா?"

"என்ன சொல்ற?"

"அன்னிக்குக் கருப்பன் முன்னால வாயடைச்சு நின்னாகளே, எதுக்குன்னு நெனைச்சீக? அவுகளுக்கே சந்தேகம். சுண்ணாம்பு கூடிப்போச்சோ, துத்தம் கூடிப்போச்சோ, என்னை அறியாம எங்கயாச்சும் பெசகிட்டனோன்னு. அறியாமச் செஞ்சிருந்தா அதுக்கு எப்படி இல்லன்னு சொல்றதுன்னு கேட்டாக. இங்கன வந்தும் அதே நெனைப்புத்தான். கருத்தக்கா சும்மா ஒருத்தர் மேல பழி போட மாட்டாக, எங்கிட்டதான் ஏதோ தப்பு நடந்திருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. அதுக்கப்புறம் எஸ்டேட்டுல மருந்தடிக்கக் கூப்பிட்டாலும் போகல. சுமைதான் தூக்குனாக."

கருத்தம்மாள் ஓவென்று அழுதுவிட்டாள். அந்தக் கூட்டத்தில் தன்னைத்தானே சந்தேகப்பட்டுப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். அந்த ஆளைத்தான் அவள் துரத்தினாள்.

"அவன் மேல ஒரு தூசு இல்லடி. கருப்பன் மேல சத்தியமாச் சொல்றேன்..." என்று கையை ஓங்கினாள். பழக்கதோஷம்.

ஞானபாக்கியம் எட்டி அந்தக் கையைப் பிடித்து மடியில் இறக்கி வைத்தாள். மலைக்குப் போன இத்தனை வருஷத்தில் அவள் பேச்சில் அந்தப் பக்கத்து மலையாளம் கலந்திருந்தது. போதும் என்பதற்கு மதி என்றாள்.

"சத்தியமெல்லாம் வேணாம்க்கா. நீங்க சொன்னா மதி. நம்புறேன்."

அடுப்படிக்குப் போய்ப் பாலில்லாத கட்டஞ்சாயா போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். கருத்தம்மாள் டம்ளரைத் தொடவில்லை. ஞானபாக்கியம் சாக்கை மறுபடி மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, ஊசியில் நூலைக் கோத்தபடி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"உங்களுக்கு எப்பக்கா தெரிஞ்சது?"

இப்பத்தான், போன மாசம் என்று சொல்லிவிடலாம். விசாரிக்க யாரும் இல்லை. ஆனால் ஒரு சத்தியமும் கேட்காமல் நம்புகிறேன் என்று சொன்னவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்லக் கருத்தம்மாளுக்கு வாய் வரவில்லை.

"வருசத்துக்கு மேல ஆச்சுடி. முந்தின வருசத்து மழைக்காலத்துலயே தெரியும்."

ஞானபாக்கியத்தின் கை நின்றது.

"அப்ப அவுக இருந்தாகளேக்கா" என்றாள்.